ஓரகத்தியும் ஒரு பழைய டிராக்டரும்

ஜூன் 4, வியாழன்

வீட்டை ஒட்டிய என் மழலையர் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஆய்வுக்கு வரும் அம்மா வந்துவிட்டார். வகுப்பறை சரி, கழிவறை சரி, குடிநீர் சரி. பின்பக்கக் கதவைத் திறந்தார். திறந்த வேகத்திலேயே மூடினார்.

"என்னங்க இது, விளையாடுற இடமா, காடா? பாம்பு இருந்தா யாரு பதில் சொல்றது?"

வழக்கமாகப் புல் வெட்டுகிறவர் காலை உடைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். மற்ற ஆட்கள் அடுத்த மாதம் என்கிறார்கள். ஆய்வு அம்மா பத்தொன்பதாம் தேதி திரும்ப வருவாராம். அதற்குள் சுத்தமாகாவிட்டால் பள்ளியை மூடச் சொல்லி எழுதிவிடுவாராம்.

இருபத்திரண்டு குழந்தைகள். ஒன்பது வருட உழைப்பு. இடுப்பளவு புல்லுக்காகவா போக வேண்டும்?

ஜூன் 6, சனி

கொட்டகையில் மாமனாரின் டிராக்டர் இருப்பது என் வீட்டுக்காரருக்குத்தான் ஞாபகம் வந்தது. தோட்டத்துக்கான குட்டி டிராக்டர். மேலே உட்கார்ந்து ஓட்டலாம். வயிற்றுக்கு அடியில் புல் வெட்டும் பிளேடு. மாமனார் போய் ஆறு வருடம். அதன் பிறகு யாரும் தொட்டதில்லை.

மெக்கானிக் வந்து எதையெதையோ கழற்றித் துடைத்து எஞ்சினுக்கு உயிர் கொடுத்துவிட்டார். அது இரண்டு முறை இருமி ஓடியதும் நானும் இவரும் குதித்தோம். குதித்ததோடு சரி. வேகத்தைக் கூட்டும் கைப்பிடி அசையவில்லை. கிளட்ச் பெடல் அசையவில்லை. பிளேடை ஏற்றி இறக்கும் லிவர் சிலை மாதிரி நிற்கிறது.

"எஞ்சின் தங்கம்ங்க. ஆனா இதெல்லாம் துருப்பிடிச்சு இறுகிப்போச்சு. நாள்கணக்கா உக்காந்து எடுக்கணும். எனக்கு நேரமில்ல." போய்விட்டார்.

இவர் சமையலறையிலிருந்து ஒரு கிண்ணம் எண்ணெய் கொண்டுவந்து மூன்றின் மேலும் ஊற்றினார். "ஊறட்டும்" என்றார், ஏதோ துணி ஊறவைத்தவர் போல.

ஜூன் 7, ஞாயிறு

எறும்பு வந்தது. டிராக்டர் அசையவில்லை.

ஜூன் 8, திங்கள்

சாப்பிடும்போது இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டா..."

நான் தண்ணீர் செம்பை நங்கென்று வைத்தேன். பேச்சு அங்கேயே நின்றது.

அண்ணி என்றால் இவருடைய அண்ணன் மனைவி. என் ஓரகத்தி. பக்கத்து வீடுதான். செய்தித்தாள் அச்சகத்தில் ஃபிட்டர். அச்சு இயந்திரங்களைப் பழுது பார்க்கிற வேலை, நிரந்தர இரவுப்பணி. அதாவது பகலில்தான் தூக்கம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் வேலியருகே வந்து, "இது பள்ளிக்கூடமா, சந்தைக்கடையா?" என்று கேட்டார். அன்று இரண்டு பெற்றோர்கள் பக்கத்தில் நின்றிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "தூங்கணும்னா எங்கயாவது காட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. பார்த்தால் அவர் செருப்பைப் பார்ப்பார், நான் வானத்தைப் பார்ப்பேன்.

அவரிடம் போய் நிற்பதா? நானே பார்த்துக்கொள்கிறேன்.

ஜூன் 10, புதன்

நானே பார்த்துக்கொண்ட லட்சணம் இது.

பதினொரு மணிக்குப் பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். வேகக் கைப்பிடியைக் குறடால் பிடித்து இழுத்தேன். வந்தது! சந்தோஷம் ஒரு நொடிதான். கைப்பிடி மட்டும் வந்திருந்தது, உள்ளே கேபிள் பட்டென்று அறுந்திருந்தது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வர, சுத்தியலை எடுத்து கிளட்ச் பெடலை அடித்தேன். இன்னும் அடித்தேன். சனியனே, அசைஞ்சு தொலையேன்...

"அதை அடிச்சா அது உடையும். உடைஞ்சா கிடைக்காது."

வாசலில் ஓரகத்தி அக்கா. கசங்கிய நைட்டி, அவிழ்ந்த கூந்தல், பாதித் தூக்கத்தில் சிவந்த கண்கள். நல்லா வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்தேன். உள்ளே வந்தார். என் கையிலிருந்த சுத்தியலை வாங்கித் தரையில் வைத்தார். பெடலின் கீழே விரலை விட்டுத் தடவி, முகர்ந்து பார்த்தார்.

"இது என்ன வாசனை?"

"சமையல் எண்ணெய்."

"தாளிக்கவும் செஞ்சீங்களா?"

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. திரும்பிப் போய்விட்டார். பத்து நிமிடத்தில் ஒரு தகரப்பெட்டியோடு வந்தார்.

ஜூன் 12, வெள்ளி

அக்காவின் முறை வேறு. முதலில் கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்ட வேண்டும். பிறகு துரு இளக்கும் எண்ணெய், சொட்டுச் சொட்டாக. பிறகு ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். அதுதான் எனக்கு வரவில்லை.

மாலை நான்கு மணிக்கு வருகிறார், ஆறு மணிக்குப் போகிறார். பேச்சு முழுக்க வண்டியைப் பற்றித்தான். "வெளிச்சம் காட்டு." "பிடி." "அவ்வளவு அழுத்தாதே." நானும் "சரிக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மூன்று வருடத்தில் சொல்லாத அக்காவை ஒரே நாளில் நாற்பது முறை சொல்லியிருப்பேன்.

ஜூன் 13, சனி

பெடல் அசைந்தது!! ஒரு நூல்தான். கீழே ஒரு நூல், மேலே ஒரு நூல். அப்படியே ஆட்டிக்கொண்டே இரு என்றார். ஒரு மணி நேரம் ஆட்டினேன். தொட்டிலைக்கூட அவ்வளவு நேரம் ஆட்டியதில்லை. கடைசியில் பெடல் முழுதாக இறங்கி, தானாக மேலே வந்தது. இன்று கால் நடக்க முடியாமல் வலிக்கிறது. பரவாயில்லை.

ஜூன் 15, திங்கள்

அறுந்த கேபிளுக்குப் பதிலாக மோட்டார் சைக்கிள் கேபிள் ஒன்றை அளவுக்கு வெட்டிப் பொருத்தினார். எலி கீச்சிடுவது போல ஒரு சத்தத்தோடு வேகக் கைப்பிடி இப்போது மேலும் கீழும் போகிறது.

கிரீஸ் தடவிக்கொண்டே கேட்டார்: "அந்தக் கீச்சுக்குரல் பொண்ணு வெள்ளிக்கிழமையிலருந்து வரலையா? ஊஞ்சலுக்குச் சண்டை போடுமே?"

"காய்ச்சல்கா... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? மூணு வருஷமா எல்லாக் குரலும் மனப்பாடம். மூக்கு உறிஞ்சிக்கிட்டே பாடுற பையன், 'மிஸ், மிஸ்'னு நூறு தடவை கூப்பிடுற பையன்..."

காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் தூங்குவாராம். அதையும் தாண்டிக் கேட்குமாம். சாதாரணமாகச் சொன்னார். பத்து மணி விளையாட்டு நேரம் என்று எழுதியவள் நான். வீட்டுக்கு வந்து அவர் கண் அயரும் நேரமும் பத்து மணி. ஒருமுறையாவது யோசித்தேனா?

ஜூன் 17, புதன்

பிளேடு லிவர் அசையவே இல்லை. ஐந்து நாள் எண்ணெய் குடித்தும் கல்லு மாதிரி. நாளை மறுநாள் ஆய்வு. பயமாக இருக்கிறது.

ஜூன் 18, வியாழன்

காலையில் அச்சகத்திலிருந்து வந்த அக்கா வீட்டுக்குள்கூடப் போகவில்லை. நேராகக் கொட்டகை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு டிராக்டருக்கு அடியில் படுத்தார். எதையோ சுரண்டினார். பிறகு உடம்பு குலுங்குவது தெரிந்தது. பதறிப்போய் குனிந்தேன். சிரிக்கிறார்!

"அடியே, இது துருவே இல்லடி. மாமா இதுக்கு ஒரு பூட்டு ஆணி போட்டு வச்சிருக்காரு!"

விரல் நீள ஆணி. பிளேடு இறங்கிவிடாமலிருக்க மாமனார் மாட்டியது. அழுக்கு மூடி, இத்தனை நாள் எங்கள் நாலு கண்ணிலும் படவில்லை. ஆணியை உருவினார். லிவரைச் சுண்டுவிரலால் தள்ளினார். இறங்கியது.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ். யார்கிட்டயும் சொல்லிடாதே."

தரையில் உட்கார்ந்து இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அந்தத் தைரியத்தில் சொல்லிவிட்டேன். "அக்கா, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் சந்தைக்கடைன்னு ஆளுங்க முன்னாடி சொல்லியிருக்கக் கூடாது. தூக்கம் இல்லாதவ வாயி. விடு. ஏறு வண்டியில."

நான் ஓட்டினேன், அக்கா வேலியருகே நின்று கத்திக்கொண்டே இருந்தார்: "கிளட்ச்! கிளட்ச்! செடியைப் பாரு!" ஒரு செம்பருத்தி போயிற்று. மீதிப் பாதியை அக்கா ஓட்டினார். ஊஞ்சலுக்குக் கீழே சதுரம் பிசகாமல் வெட்டினார். மதியம் ஆகிவிட்டது. அரைத் தூக்கத்தோடு இரவு மறுபடி வேலைக்குப் போனார்.

ஜூன் 19, வெள்ளி

ஆய்வு அம்மா பின்கதவைத் திறந்தார். இந்த முறை வெளியே இறங்கி நடந்தார். கையெழுத்துப் போட்டாயிற்று!

ஜூன் 22, திங்கள்

இன்றிலிருந்து புது நேர அட்டவணை. காலையில் கதை, வண்ணம், களிமண், பிறகு பிள்ளைகளின் மதியத் தூக்கம். விளையாட்டு மாலை மூன்றரைக்கு. ஏன் மாற்றம் என்று கேட்ட பெற்றோர்களிடம், பக்கத்து வீட்டில் எங்கள் அக்கா தூங்குகிறார் என்றேன்.

மூன்றரை ஆகி ஐந்து நிமிடம் இருக்கும். செருப்பு மாட்டிவிடுவதிலேயே நேரம் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சன்னல் திறந்தது.

"என்னடி, ஒரு சத்தத்தையும் காணோம்? இன்னைக்கு லீவா?"

நான் பின்கதவைத் திறந்துவிட்டேன்.