மலைக்குப் போன மேஜை

12-3-1959
கொடைக்கானல் பங்களாவுக்கு மேஜை முடிந்தது. ஆணி இல்லை, பூவேலை இல்லை. நான்கு மெல்லிய கால், ஆறு இழுப்பறை. மூடினால் நூல் நுழையாது.

அண்ணன் சூசைமுத்து சுற்றிச் சுற்றி வந்தார். "ஏலே அருளு, மொட்டையா நிக்குதே! ஓரத்துல நாலு திராட்சைக் கொத்தாவது செதுக்குலே."

நானும் வேலை பார்ப்பது அவர் பட்டறையில்தான்; இங்கே முக்காலிக்குக்கூடத் திராட்சைதான். மரத்தின் வரியே போதும் என்றேன். பங்களாக்காரருக்குப் பிடித்துவிட்டால் மீதிச் சாமான் அத்தனையும் என்னிடம்தான். இதே திண்டுக்கல்லில், பேகம்பூர்ப் பக்கம் தனிப் பட்டறை போட்டுவிடுவேன்.

15-3-1959
லாரியில் ஏற்றியாயிற்று. என் மனைவி லூர்து மேஜைக்கும் சிலுவை போட்டாள்.

8-7-1959
பங்களாவிலிருந்து ஆள் வந்தான். "மேல ஒரே சாரலுங்க. டிராயர் ஒன்னுகூடத் திறக்கல. ஐயா கொதிச்சுப்போய் இருக்காரு."

10-7-1959
போய்ப் பார்த்தேன். பாவி மேஜை, அழகாகத்தான் நிற்கிறது. இழுத்தால் அசையவில்லை. திண்டுக்கல் வெயிலில் காய்ந்த மரத்தை அந்த வெயில் அளவுக்கே இழைத்திருக்கிறேன். மலை ஈரத்தில் உப்பாமல் என்ன செய்யும்?

அண்ணன் எப்போதும் இழுப்பறையைச் சுற்றி இடம் விட்டுத்தான் பூட்டுவார். கை சரியில்லை என்று கேலி பேசியிருக்கிறேன். அந்த இடைவெளியைத்தான் திராட்சைக் கொத்து மறைக்கிறது! இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் எனக்கு ஏன் உறைக்கவில்லை?

இழைத்துத் தருகிறேன் என்று கெஞ்சினேன். "நீ தொட்டது போதும். மத்ததை உங்க அண்ணன்கிட்ட குடுத்தாச்சு" என்றார் பங்களாக்காரர்.

11-7-1959
செத்துப்போகலாம்போல இருக்கு. லூர்து கஞ்சி வைத்தாள். தொடாமல் எழுந்துவிட்டேன்.

2-9-1959
மறுபடி அண்ணன் பட்டறைக்கே போய், வெறும் கூலிக்குச் சேர்ந்தேன். அவர் ஒரு சொல் குத்திப் பேசவில்லை. ஏசியிருக்கலாம்ல? நாலு சாத்து சாத்தியிருக்கலாம்ல? அதுதான் தாங்கமுடியலை.

25-12-1959
கோயிலுக்குப் போகவில்லை.

20-2-1960
நிலக்கோட்டைப் பூ வியாபாரி ஒருவர் வந்தார். போன வாரம் அந்தப் பங்களாவில் தங்கினாராம். "இப்ப மேல ஈரமே இல்ல. அந்த மேஜை டிராயர் தொட்டாப் போதும், ஓடி வருது. பூவேலை இல்லாம என்னா லட்சணம்! எனக்கும் அதே மாதிரி ஒன்னு வேணும். இந்தப் பட்டறையில செஞ்சதுன்னாங்க. யாரு செஞ்சது?"

நிலக்கோட்டை மலைக்குக் கீழே, எங்களைப் போல வெயில் ஊர்; அங்கே சாரல் ஏது? என் இழுப்பறை அங்கே வருஷம் முழுக்க ஓடும். எனக்குத் தெரியும்.

"அவரு தொழில விட்டுட்டாருங்க" என்றேன்.

அண்ணன் இழைப்புளியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். நான் குனிந்தபடி கையிலிருந்த முக்காலியில் திராட்சைக் கொத்தைச் செதுக்கினேன்.