கையில் தட்டுப்படாத குச்சி

லுணுகலைக் கிளினிக்கில் நர்ஸ் மிஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் இடது கையைத் துடைத்ததும், அந்த வாசனையோடு நீ வந்துவிட்டாய். ஆறு வருடங்களுக்கு முன் இதே கட்டிலருகில்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

அடுத்தடுத்த தேயிலை நிரையில் கொழுந்து பறித்த சிநேகிதிகள் நம் இருவருக்கும் அன்று குச்சி வைத்தார்கள். பிள்ளை தங்காமல் இருக்கத் தோலுக்கடியில் வைக்கும் இரண்டு மெல்லிய குச்சிகள். ஐந்து வருடம் தாங்கும் என்றார்கள். "எந்தக் கையால வேலை செய்றீங்க? மத்தக் கையில வைக்கணும்" என்று மிஸ் என்னைக் கேட்டார். "கொழுந்து பறிக்கிறவளுக்கு ரெண்டும் வேலைக் கைதாங்க மிஸ். சோத்துக் கைய விட்டுட்டு மத்ததுல வைங்க" என்று நீதான் சொன்னாய்.

மலையில் பேச்சுக்கா குறைவு? குச்சி நழுவி நெஞ்சுக்குப் போய்விடும் என்றார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. "ஓடிப் போக அதுக்குக் காலா இருக்கு?" என்று நீ சிரித்தாய். ஆனாலும் காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிடும்வரை என் கையை நீ தொட்டுப் பார்ப்பாய், உன் கையை நான். "இருக்குடி, ரெண்டும் இருக்கு" என்று நீ சொன்ன பிறகுதான் கூடையை மாட்டுவேன்.

அப்புறம்தான் உன் நிரையில் ஒரு குளவிக்கூடு கலைந்து, குளவிகள் உன்னை மொய்த்துக் கொட்டின. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன லொறியிலேயே நீ போய்விட்டாய். சாவு வீட்டில் ஒருத்தி சொன்னாள்: "கையில குச்சி இருந்ததாலதான் வெசம் சீக்கிரம் ஏறிருச்சு." அது வெறும் பேச்சு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், குச்சியை எடுக்க வேண்டிய தவணை வந்தபோது நான் போகவில்லை. கத்தி படுமே என்று பயம். உன் விரல் இல்லாமல் கையைத் தொட்டுப் பார்க்கவும் பயம். கடைசியில் மாதவிலக்கு தள்ளிப்போகவே, வயிற்றில் பிள்ளையோ என்ற பயம் மற்றதையெல்லாம் முந்திக்கொண்டு என்னைக் கிளினிக்குக்குத் துரத்தியது.

பிள்ளை இல்லை என்று மிஸ் சோதித்துச் சொன்னார். நான் மூச்சு விடுவதற்குள், கையைத் தடவிய அவர் விரல் நின்றுவிட்டது.

"ஒன்னுதாம்மா தட்டுப்படுது."

"மத்தது நெஞ்சுக்குப் போயிருச்சா மிஸ்?"

"பெரும்பாலும் வச்ச எடத்துலயேதான் ஆழமா இருக்கும். பதுளை ஆஸ்பத்திரியில ஸ்கேன் பண்ணிப் பார்த்துட்டு, மரக்க ஊசி போட்டு எடுப்பாங்க. புள்ள வேணாம்னா அன்னைக்கே புதுசு வைக்கலாம். அதுவரைக்கும் வேற பாதுகாப்பு வேணும். நீங்களா அமுக்கித் தேடாதீங்க."

நாளைக் காலை பதுளை பஸ். அவர் சொன்னதை நம்பத்தான் பார்க்கிறேன். ஆனாலும் தோலுக்கடியில் எங்கோ ஒன்று ஊர்ந்துகொண்டிருப்பது போலவே இருக்கிறது. உன்னைப் போல அதைக் கேலி செய்ய எனக்கு வரவில்லை.

இத்தனை நாள் தொடப் பயந்த இடத்தை இதை எழுதும்போது மெல்லத் தொட்டுப் பார்த்தேன். நீ வழக்கமாக விரல் வைக்கும் அதே இடம். ஒன்று தட்டுப்படுகிறது. மற்றதற்கு என்னிடம் இருப்பது உன் குரல் மட்டும்தான்: "இருக்குடி, ரெண்டும் இருக்கு."