சூடேறிய படிகக் கல்

19 ஜூன் 1952, வியாழன்

தோட்டத்துக் காவல் சாவடியின் ஒயர்லெஸ் பெட்டியைப் பழுது பார்ப்பவன் நான். அதன் அலைவரிசை ஒரு சிறு படிகக் கல்லின் துடிப்பில் நிற்கிறது. சூடேறினால் கல்லுக்குள் அணுக்கள் அதிகம் ஆடும், பிணைப்பு தளரும், துடிப்பு விலகிவிடும். கல்லைத் தாங்கும் பிடி இறுகினாலும் விலகும். இதெல்லாம் தெரிந்தவன்தான், காலையில் அவசரத்தில் பிடியை அளவுக்கு மீறி முடுக்கிவிட்டுப் பெட்டியைத் தகரக் கூரைக்கு நேர் கீழே வைத்துவிட்டேன்.

மதியம் ரப்பர் மரங்களுக்குள் கம்யூனிஸ்ட் கலகக்காரர்களின் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. ஆப்பரேட்டர் வேலு உதவி கேட்டு எத்தனை முறை அழைத்தும் மலாக்கா போலீஸ் நிலையத்துக்கு எட்டவில்லை. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை விசாரித்தபோது, வேலு குமிழைத் தவறாகத் திருப்பிவிட்டான் என்று சொன்னேன். வேலையைவிட்டு நீக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். அவனைத் தொலைவிலிருக்கும் சுங்கை ரம்பாய்ச் சாவடிக்கு மாற்றிவிட்டார்கள். அவன் மனைவிக்கு இது நிறைமாதம்.

சாயங்காலம் லாரியில் ஏறுமுன் வேலு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"துரைக்கிட்ட எனக்காகப் பேசினீங்களாமே, அண்ணே. இல்லாட்டி வேலையே போயிருக்கும்லா."

"போய்ச் சேர்ந்ததும் கடுதாசி போடு" என்றேன்.

நாளை துரையிடம் உண்மையைச் சொல்வேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை எழுதக் கை வரவில்லை.