இடது பக்கம் சத்தம் குறைவு

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் என்னைக் கூப்பிடாமல் தேநீர் குடித்துவிட்டார்கள். மூன்றே முக்காலுக்குத் திரும்பிப் பார்க்கிறேன், பக்கத்து சீட்டுக்காரி கையில் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு வருஷமாகவே இப்படித்தான். என் பக்கம் வந்தாலே எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்லண்ணே." ஒன்றுமில்லாததற்கு எதற்கு முணுமுணுப்பு?

பக்கத்து சீட்டுக்காரிக்கு விளக்கம் கேட்டு மெமோ போன பிறகு இன்னும் மோசம். போன மாதம் நடந்ததை நான் உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான். எங்கள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஒரு காது ஹெட்செட்டுக்கு, ஒரு காது அறைக்கு. ஒரு வண்டியை அனுப்புகிறவர் தன் மைக்கை அணைத்துவிட்டு "ஏழு எடுத்தாச்சு" என்று அறைக்குச் சொல்ல வேண்டும். திரையில் பதிவாக ஒரு நிமிஷமாவது ஆகும். அதுவரை அந்தக் குரல்தான் எல்லாம். அன்று மற்ற இரண்டு பேரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நானும் அவளும்தான். அவள் குரல் கொடுக்கவில்லை. நான் அதே ஏழாம் வண்டியை இன்னொரு வீட்டுக்கு ஒதுக்கினேன். படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பெரியவர் பதினோரு நிமிஷம் கூடுதலாகத் தரையில் கிடந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனாலும் பதினோரு நிமிஷம்.

சொன்னேன் என்கிறாள். மைக் அணைந்திருந்ததால் ஒலிப்பதிவில் ஒன்றும் இல்லை. பதினாறாம் தேதி விசாரணை. அவள் வேலை போனாலும் போகலாம் என்று பேச்சு. நான் என்ன செய்ய? நான் பொய் சொல்லவில்லையே.

மார்ச் 4, புதன்

மேலாளர் கூப்பிட்டு ஒரு சின்னப் பெட்டியைக் கையில் வைத்தார். கம்பியில்லாத ஹெட்செட். "ரெண்டு வாரம் போட்டுப் பாத்து அறிக்கை குடுங்க சார். நல்லாருந்தா எல்லாருக்கும் வாங்கிடலாம்."

"ஏன் நான்?"

"உங்களவிட நல்லா நொட்டை சொல்றவங்க இங்க யாரு சார் இருக்கா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிப்பை நான் நம்புவதில்லை. விசாரணைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, சாட்சி சொல்லப் போகிறவன் காதில் ஒரு கருவி. அதில் மைக் வேறு. எப்போதும் விழித்திருக்கும் மைக்கா? யாரிடம் போய்ச் சொல்லும்?

பெட்டி உள்ளங்கைக்குள் அடங்குகிறது. மூடியைத் திறந்தால் எல், ஆர் என்று எழுத்துப் போட்ட இரண்டு இயர்பட். அதில் வைத்தால் அதுவே சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது. முன்னால் ஒரு சின்ன விளக்கு. திறக்கும்போது கண் சிமிட்டுகிறது. எதற்கு என்னைப் பார்த்துக் கண் சிமிட்ட வேண்டும்?

மார்ச் 5, வியாழன்

உள்ளதைச் சொல்ல வேண்டும். வலது இயர்பட் அருமை. அழைத்தவர்கள் ஒருவர்கூட என்னைத் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. பேசிக்கொண்டே எழுந்து சுவரில் இருக்கும் வரைபடம் வரை போனேன். பத்தொன்பது வருஷமாகக் கம்பியில் கட்டிப் போட்ட கழுத்து, அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி இருந்தது.

சார்ஜ் நாலரை மணி நேரம் நின்றது. எட்டு மணி நேர ஷிஃப்டுக்குப் போதாது. அதற்கும் வழி இருக்கிறது: ஒன்றைப் போட்டுக்கொண்டு மற்றதைப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். பாதி ஷிஃப்டில் மாற்றிக்கொள்ளலாம். மாற்றினேன். அங்கேதான் சாயம் வெளுத்தது. இடது இயர்பட்டில் அழைப்பவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி! சத்தத்தை முழுசாகக் கூட்டியும் அப்படியே. நல்லவேளை, பயிற்சி அழைப்பில் சோதித்தேன். உடனே வலதுக்கே திரும்பிவிட்டேன்.

ஒரு விசித்திரம். அந்தப் பத்து நிமிஷமும் அறையில் எல்லோரும் சத்தமாகப் பேசினார்கள். தெளிவாக, ஒளிவு மறைவில்லாமல். வலதுக்கு மாறியதும் பழையபடி முணுமுணுப்பு. என்ன நாடகம் இது?

மார்ச் 6, வெள்ளி

பெட்டியை வீட்டில் பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு, மேலே துண்டைச் சுற்றி வைத்தேன். என் மனைவி பார்த்துவிட்டு, "ஏங்க, அது என்ன பாம்பா?" என்றாள். ஒட்டுக்கேட்பதற்குப் பாம்பே தேவலாம்.

மார்ச் 7, சனி

விற்பனைக்காரரை வரவழைத்தேன். புதுப் பெட்டி ஒன்றை என் முன்னாலேயே பிரித்துக் கொடுத்தார். போட்டேன். இடது பக்கம் அதே கிணறு. யாருக்குக் காது குத்தப் பார்க்கிறார்கள்?

மார்ச் 9, திங்கள்

மூன்றாவது பெட்டி. இந்தத் தடவை விற்பனைக்காரர் இடது இயர்பட்டைப் பஞ்சால் துடைத்துத் தன் காதிலேயே போட்டுப் பார்த்தார். "நல்லா கேக்குது சார். ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு." விற்கிறவர் வேறு என்ன சொல்வார்? அவர் போன பிறகு போட்டேன். கிணறு.

மூன்றிலும் ஒரே குறை என்றால் தயாரிப்பிலேயே ஏமாற்று. மட்டமான சரக்கை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். இதில் உள்ளுக்குள் யாருக்குப் பங்கு என்பதுதான் தெரியவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

மூன்று நாற்பதுக்கு நாற்காலியைத் திருப்பி வைத்து உட்கார்ந்தேன், இன்று என்ன செய்கிறார்கள் என்று பார்க்க. அவசர அழைப்பு வந்துவிட்டது. முடித்துத் திரும்பினால், குடித்த கோப்பைகள்.

மார்ச் 12, வியாழன்

அறிக்கை எழுதிவிட்டேன். "மூன்று பெட்டிகள் சோதிக்கப்பட்டன. மூன்றிலும் இடது பக்கம் சத்தம் குறைவு. வாங்கத் தகுதியற்றது." திங்கட்கிழமை கொடுக்கலாம் என்று மேசை இழுப்பறையில் வைத்தேன். அதற்குள் எப்படியோ செய்தி கசிந்துவிட்டது.

பக்கத்து சீட்டுக்காரி எழுந்து வந்து எனக்கு நேர் எதிரே நின்றாள். கழுத்தில் பட்டை. ஆறு மாதமாகவே போட்டிருக்கிறாள். கம்பியை இழுத்து இழுத்து எழுதி வந்த வலி. "அது வந்தா என் கழுத்துக்குக் கொஞ்சம் நல்லாருக்கும்னு நெனச்சேண்ணே. பரவால்ல. திங்கட்கிழமைக்கு அப்புறம் நான் இங்க இருந்தாத்தானே."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, அன்னைக்கு நான் சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். நீங்க தலையாட்டுன மாதிரிகூட இருந்துச்சு."

"சொல்லியிருந்தா எனக்குக் கேட்டிருக்குமே," என்றேன். அவள் போய் உட்கார்ந்தாள். என்ன நடிப்பு என்று அப்போது நினைத்தேன். இப்போது எழுதும்போது அவள் வீடு நினைவுக்கு வருகிறது. அவளுக்கு இரண்டு குழந்தைகள். இருந்தால்? அதற்காக நான் உண்மையை மாற்றிச் சொல்ல முடியுமா?

மார்ச் 14, சனி

  

மத்தியானம் சாப்பிட்டு முடித்து, அந்தப் பெட்டியை மேசைமேல் வைத்து இவளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒரு மோசடியைக் கையும் களவுமாகப் பிடித்த கதையை. இவள் கையைத் துடைத்துக்கொண்டு இடது இயர்பட்டை எடுத்துக் காதில் போட்டாள். போனில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லா கேக்குதே."

"நீயும் அவங்களோட சேந்துட்டியா?"

"யாரோட?" என்றாள். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஏங்க, நான் எப்பவும் உங்க வலது பக்கம் வந்துதான் பேசறேன். தெரியுமா?"

"எப்பயிருந்து?"

"தெரியல. அந்தப் பக்கம் நின்னா நீங்க பதில் சொல்றதில்ல. ஏதோ யோசனையில இருக்கீங்கன்னு விட்டுட்டேன். அப்படியே பழகிடுச்சு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நிரூபித்துக் காட்டுகிறேன் பார் என்று இடது இயர்பட்டை வாங்கி, தலைகீழாகத் திருப்பி வலது காதில் அழுத்திப் பிடித்தேன். செய்தி வாசிப்பவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. வலது இயர்பட்டை எடுத்து இடது காதில் வைத்தேன். கிணறு.

மறுபடியும் செய்தேன். மறுபடியும். நாலு தடவை. பிறகு கருவியைக் கீழே வைத்துவிட்டு வலது காதை விரலால் அடைத்துக்கொண்டேன். வீடே அணைந்துபோயிற்று. எதிரே இவள் உதடு அசைகிறது. மின்விசிறி சுற்றுகிறது. சத்தமே இல்லாமல் சுற்றுகிறது.

அய்யோ. அந்தப் பிள்ளை சொல்லியிருக்கா. ரெண்டு தடவ சொல்லியிருக்கா. என் இடது பக்கத்துல உக்காந்துக்கிட்டு, கத்திச் சொல்லியிருக்கா. வலது காதுல ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு, செத்த காத அறைக்குக் குடுத்துட்டு நான் பாட்டுக்கு உக்காந்திருந்திருக்கேன். அதுக்கு மேல ஒரு கடுதாசி வேற எழுதிக் குடுத்தேன். கையெழுத்துப் போட்டு.

யாரும் முணுமுணுக்கவில்லை. ஒரு வருஷமாக யாரும் முணுமுணுக்கவே இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

எழுதி வைக்கிறேன், பிறகு மறைக்க முடியாதபடி. காலை முழுக்க நான் யோசித்தது இதுதான்: வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. கருவியின் மேல் பழி போட்ட அறிக்கை தயார். ரகசியமாக டாக்டரைப் பார்க்கலாம். பத்தொன்பது வருஷ சீட்டு. காது போனவனை அழைப்பு எடுக்க யார் விடுவார்கள்? இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது.

இத்தனை நாள் ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட வேண்டியவன் கண்ணாடிக்கு முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தான்.

"என்ன பண்ணப் போறீங்க?" என்று இவள் கேட்டாள். வலது பக்கம் வந்து நின்று.

"யோசிக்கிறேன்."

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு?"

 தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன்.

மார்ச் 16, திங்கள்

விசாரணை பத்தரைக்கு. மேலாளர், தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா, அவள், நான். என்னிடம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "இந்தப் பொண்ணு மேல தப்பில்ல. என் இடது காது கேக்கல. எனக்கே முந்தாநாள்தான் தெரியும்."

யாரும் நம்பவில்லை. மேலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம்னு பாத்துச் சொல்றீங்களா சார்?" என்றார். என் புத்தி அவருக்கும் ஒட்டிக்கொண்டது போல! தலைமை அலுவலக அம்மா சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார். என்னை என் சீட்டிலேயே உட்கார வைத்தார்கள். வலது காதில் பழைய ஹெட்செட், அதில் ஒரு பயிற்சி அழைப்பு. அவள் தன் சீட்டில். அன்று சொன்ன மாதிரியே சொல்லச் சொன்னார்கள். நான் திரையைப் பார்த்தபடி காத்திருந்தேன். காத்துக்கொண்டே இருந்தேன்.

"எப்ப சொல்லப் போறாங்க?" என்று கேட்டுத் திரும்பினேன்.

எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணில் நீர். மேலாளர் என் வலது பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார். "ரெண்டு தடவ சொல்லிட்டாங்க சார்."

மெமோ ரத்து. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், டாக்டர் சான்றிதழ் வரும்வரை அழைப்பு எடுக்கத் தடை. நியாயம்தான். மேசை இழுப்பறையிலிருந்த அறிக்கையைக் கிழித்துவிட்டு அங்கேயே நின்று வேறு எழுதினேன்: "கருவியில் குறை இல்லை. குறை, மதிப்பிட்டவரின் இடது காதில். எல்லோருக்கும் வாங்கலாம். கழுத்து வலி உள்ளவர்களுக்கு முதலில்."

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள். கழுத்துப் பட்டையோடு அவளால் அவ்வளவுதான் ஆட்ட முடியும் என்று சொல்லிக்கொண்டேன். அது இல்லை என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 18, புதன்

காது டாக்டர் பார்த்தார். காது நரம்பு பழுதாம், மெல்ல மெல்லப் போயிருக்கிறதாம். திரும்ப வராது. இடது காதுக்கு ஒரு கருவி வைத்தால் வேலை செய்யலாம் என்றார். உண்மையாகத்தான் சொல்கிறாரா, இல்லை விற்கப் பார்க்கிறாரா என்று ஒரு கணம்... சே!

ஏப்ரல் 20, திங்கள்

ஒரு மாதம் வண்டிகளில் கட்டுத்துணியும் மருந்தும் எண்ணிக்கொண்டிருந்துவிட்டு இன்று சீட்டுக்குத் திரும்பினேன். மேசைமேல் எனக்கு இரண்டு பெட்டி. ஒன்றில் வலது காதுக்கான இயர்பட், இன்னொன்றில் இடது காதுக்கான கருவி. இரண்டும் பெட்டியிலேயே சார்ஜ் ஏறுகின்றன, இரண்டுக்கும் விளக்கு இருக்கிறது, இரண்டும் கண் சிமிட்டுகின்றன. சிமிட்டட்டும்.

அறை இவ்வளவு இரைச்சலா! நாற்காலி கிறீச்சிடுகிறது, யாரோ பேனாவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள், கோடியில் இருப்பவருக்கு ஓயாத தும்மல். "மூணு எடுத்தாச்சு", "ஒம்பது எடுத்தாச்சு" என்று ஒவ்வொன்றும் வந்து விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் கையைத் தூக்கிக் காட்டினேன், கேட்டுவிட்டது என்று. மேலாளர் அதையே இனி எல்லோருக்கும் விதியாக்கிவிட்டார்.

பக்கத்து சீட்டுத் தங்கச்சி கழுத்துப் பட்டை இல்லாமல் வந்திருந்தாள். காலையிலிருந்து வேலைப் பேச்சு மட்டும்தான்.

மூன்று நாற்பதுக்கு இடது பக்கத்திலிருந்து ஒரு குரல். "அண்ணே, டீ."

திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. மைக்கை அணைத்துவிட்டு, திரையில் ஏதோ பதிந்தபடி, பழக்கத்தில் சொன்ன மாதிரி சொல்லியிருந்தாள். நான் எழுந்து நின்றதும்தான் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கே ஆச்சரியம்.

"தினமும் கூப்பிடுவியாம்மா?"

"ஆமாண்ணே. நீங்கதான் வரவே மாட்டீங்களே."

"மெமோ வந்த அன்னைக்கு?"

எழுந்து தன் கோப்பையை எடுத்தாள். "அன்னைக்கும் கூப்பிட்டேன்."