அளவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்

அம்மா,

புதன்கிழமை மத்தியானம், பள்ளியிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், துப்பாக்கி கிளப்பிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி வந்தது. எர்வின் மாமாதான் கொண்டுவந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. காலணியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டியபடி வாசலிலேயே நின்றார். பெட்டிக்குள் உன் டார்ச், உன் சின்னத் தராசு, அப்பா துளையிட்டுக் கொடுத்த மரப்பலகை. வெடிமருந்து போட்ட பித்தளைத் தோட்டாக் கூடுகளை அதில் நிமிர்த்தி வைத்து, குண்டைப் பொருத்துவதற்கு முன் ஒவ்வொன்றுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்ப்பாயே, அந்தப் பலகை. அதை மூக்கருகே கொண்டுபோனேன். துப்பாக்கி எண்ணெயும் எரிந்த மருந்தும் கலந்த வாசனை இன்னும் இருந்தது. சனிக்கிழமைகளில் நீ எனக்குத் தலை வாரிவிடும்போது உன் விரல்களில் இருக்கும் அதே வாசனை.

இதெல்லாம் கிளப்புக்கு இனி தேவையில்லை என்று நிர்வாகக் குழு சொல்லிவிட்டதாம். அதைச் சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் இன்னொன்றும் சொன்னார். நீ கண்டுபிடித்த, தோளை அதிகம் இடிக்காத தோட்டாவின் மருந்தளவைத் தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். ‘கிளப்பின் மென்தோட்டா’ என்று தலைப்பு. கீழே தலைவரின் கையெழுத்து.

“அம்மா சொன்ன அந்த இரண்டு விஷயம்?” என்று கேட்டேன்.

தலையை மட்டும் ஆட்டினார். இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. உன் பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டு, உன் பெயரை விட்டுவிட்டு, அளவை மட்டும் வைத்துக்கொண்டார்களே என்று உடம்பெல்லாம் கொதித்தது. கோபம் தணிந்த பிறகு எழுது என்று நீ சொல்வாய். தணியவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

திருச்சியில் கல்லூரியில் படித்தபோது என்.சி.சி.யில் சுட்டவள் நீ. ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து, டிராம் நிறுத்தத்தில் அந்த கிளப்பின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாய். அவர்கள் அப்பாவுக்குத்தான் கைகொடுத்தார்கள். சேர வந்தது நீ என்று தெரிந்ததும், பெண்களுக்குக் கீழ்த்தளத்தில் சின்ன ரகத் துப்பாக்கி இருக்கிறது என்றார்கள். உனக்கு மேலே நூறு மீட்டர் கூடம்தான் வேண்டும். அங்கிருந்த பழைய ராணுவத் துப்பாக்கி ஒவ்வொரு வெடிக்கும் உன் தோளில் இடித்தது. வீட்டுக்கு வந்து நீ ரவிக்கையை விலக்கிக் காட்டியபோது தோள் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. உனக்கு எதற்கு இது, விட்டுவிடேன் என்றார் அப்பா. “தோள்தானே வலிக்குது, கண்ணு நல்லாத்தானே இருக்கு” என்றாய்.

அந்த கிளப்பில் எல்லோரும் ஒருவரையொருவர் ‘நீ’ என்றுதான் பேசிக்கொள்வார்கள். மேலாளரும் குழாய் பழுதுபார்ப்பவரும் அங்கே ‘நீ’தான். உன்னை மட்டும் ‘நீங்கள்’ என்றார்கள், ‘ஃப்ராவ் டாக்டர்’ என்றார்கள், டாக்டரம்மா என்று. டாக்டர் பட்டம் அப்பாவுடையது. மனைவிக்கும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். நம் ஊரில் அது மரியாதை. அங்கே அது வேலி என்பது எனக்கே புரிந்தது. உனக்குப் புரியாமலா இருக்கும்?

மருந்தைக் குறைத்துத் தோட்டா செய்தால் உதைப்பு குறையும் என்று உனக்குத் தெரியும். எவ்வளவு குறைக்கலாம் என்றுதான் தெரியாது. தெரிந்தவர்கள் நாலைந்து பேர் அங்கேயே இருந்தார்கள். ஆனால் தோட்டா செய்வது அவரவர் வீட்டு நிலவறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற வேலை. என்ன மருந்து, எவ்வளவு என்று கேட்டால், சம்பளம் எவ்வளவு என்று கேட்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒருவர், தோளுக்குத் தலையணை வைத்துக்கொள்ளுங்கள் ஃப்ராவ் டாக்டர் என்றார். மேசையே சிரித்தது. நான் ஓரத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது பத்து வயதுதான். ஆனாலும் அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

எர்வின் மாமா மட்டும் சிரிக்கவில்லை. போரில் அவருடைய வலது தோளுக்குள் இரும்புத் துண்டு புகுந்திருந்தது. சுட முடியாமல், மற்றவர்களுக்கு மதிப்பெண் எழுதிக்கொண்டிருந்தவர். நீ வெடிமருந்து அனுமதிக்குப் படித்துத் தேர்வு எழுதினாய். அந்த அறையில் நீ ஒருத்திதான் பெண். பிறகு நீங்கள் இருவரும் சேர்ந்து, மருந்து செய்பவர்கள் வெளியிட்ட கையேட்டை வைத்துக்கொண்டு, அதில் போட்டிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாமல், ஒரு குளிர்காலம் முழுக்கப் பொறுமையாகச் செய்து பார்த்தீர்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டால் ஞாயிற்றுக்கிழமை யாரும் கார் ஓட்டக்கூடாது என்று அரசாங்கம் சொன்ன குளிர்காலம் அது. காலியான நெடுஞ்சாலையின் நடுவே நாம் மூன்று பேரும் நடந்தே கிளப்புக்குப் போனது நினைவிருக்கிறதா? அப்படிப் போன ஒரு ஞாயிறன்றுதான் எர்வின் மாமா பல வருஷங்களுக்குப் பிறகு சுட்டார். சுட்டுவிட்டுத் தோளைத் தடவிப் பார்த்தார். பிறகு சத்தம் போட்டுச் சிரித்தார். அது நல்ல சிரிப்பு.

நீயும் மற்றவர்களைப்போல் அதைப் பூட்டி வைத்திருக்கலாம். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாய். ஓய்வுபெற்ற தபால்காரர் வந்தார், மூட்டுவலிக்காரர் ஒருவர் வந்தார், கான்டீனைப் பார்த்துக்கொள்ளும் கிசெலா அத்தை வந்தாள். ஒரே நிபந்தனை: “நின்னுக்கிட்டே கேட்டா சொல்ல மாட்டேன். உக்காருங்க.” உட்கார்ந்தால் அளவோடு மற்ற இரண்டும் சேர்ந்து வரும். ஒன்று, இதற்குக் கீழே குறைக்காதே. இரண்டு, ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் இலக்குத் தாளில் ஓட்டை விழுந்ததா என்று பார். விழவில்லையென்றால் குண்டு குழலுக்குள்ளேயே நிற்கிறது, அடுத்ததைச் சுடாதே.

“கம்மியா போட்டா பத்திரம்னு நினைக்கிறாங்க. சமையல்ல உப்பு அப்படி. துப்பாக்கிக்கு அப்படிக் கிடையாது” என்று என்னிடம் தமிழில் சொல்வாய்.

போன இலையுதிர்காலத்தில் அது நடந்தது. கிளப்பில் சுடுகிற குர்ட் உன் மேசைக்கு வந்ததே இல்லை. ஒரு பெண்ணிடம் போய் உட்கார அவருக்குக் கூச்சம். பீர் குடித்துக்கொண்டிருந்தபோது எர்வின் மாமாவிடம் அளவைக் கேட்டார், மாமாவும் சொன்னார். அளவை மட்டும். குர்ட் அதையும் இன்னும் கொஞ்சம் குறைத்துச் செய்தார், மென்மையாக இருக்கட்டும் என்று. முதல் வெடி ‘புஸ்’ என்றது. பக்கத்தில் மற்றவர்கள் சுடும் சத்தத்தில் அது சரியாகக் கேட்கவில்லை. தாளைப் பார்க்காமல் அடுத்ததைச் சுட்டார். குழல் வெடித்தது. அவருடைய இடது கையில் இரண்டு விரல் இன்றுவரை மடங்குவதில்லை.

நிர்வாகக் குழு உன்னை அழைத்தது. அப்போதே நீ மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக இருந்தாய். தலையில் துணி கட்டிக்கொண்டு போனாய். நானும் கூட வந்தேன். தலைவர் அதை ‘இந்தியச் சமையல் குறிப்பு’ என்றார். உங்கள் ஊரில் குழம்புக்கு மசாலாவைக் கண்மதிப்பில் போடுவீர்கள், இங்கே அப்படி முடியாது என்று வேறு விளக்கினார். மருந்து ஒரு துகள் கூடினாலும் தராசிலிருந்து கொட்டிவிட்டு மறுபடி அளக்கிற உன்னிடம்! யார் குர்ட்டிடம் அளவைச் சொன்னது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எர்வின் மாமா எதிர் வரிசையில் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி நீ யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று முடிவெடுத்தார்கள்.

வரும்போது பேருந்தில் நான் உன்னிடம் கத்தினேன். அவர் பெயரை ஏன் சொல்லவில்லை? நீ கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாய்.

“அவரே சொல்லணும்டி. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும்.”

அவர் சொல்லவில்லை. நீ தையில் போனாய். அடக்கத்துக்கு கிளப்பிலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது, அதில் ‘ஃப்ராவ் டாக்டருக்கு’ என்று எழுதியிருந்தது.

நேற்று சனிக்கிழமை நான் தனியாக கிளப்புக்குப் போனேன். அப்பாவிடம் நூலகம் என்று சொன்னேன். அறிவிப்புப் பலகையில் அந்தத் தாள் இருந்தது. பள்ளிப் பேனாவை எடுத்து, இருந்த காலி இடத்தில் உன் இரண்டு வாக்கியங்களையும் என் நல்ல கையெழுத்தில் எழுத ஆரம்பித்தேன். முதல் வாக்கியம் முடிவதற்குள் தலைவர் வந்துவிட்டார். கிளப்பின் தாளில் எழுத நீ யார், உறுப்பினர்கூட இல்லையே என்றார். மெதுவாகத்தான் சொன்னார். சின்னப் பெண், தாயை இழந்தவள் என்ற குரல். அந்தக் குரல்தான் எனக்கு ஆகவே ஆகாது.

“இதைப் படித்துவிட்டு இன்னொருவர் விரல் போனால் அப்போதும் என் அம்மாதான் காரணமா?” என்று கேட்டேன்.

எர்வின் மாமா மதிப்பெண் மேசையிலிருந்து எழுந்தார்.

“குர்ட்டிடம் சொன்னது நான்” என்றார். “பாதியைத்தான் சொன்னேன். மீதியையும் அவள் எனக்குச் சொல்லியிருந்தாள். பீரின் குளிர்ச்சி போய்விடுமே என்று விட்டுவிட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. தலைவர், இதையெல்லாம் குழுவில் பேசிக்கொள்ளலாம் எர்வின் என்றார். கிசெலா அத்தை கான்டீன் ஜன்னலிலிருந்து, குழுவில் பேசி முடிக்கிறவரைக்கும் அந்தப் பெண் எழுதி முடிக்கட்டுமே என்றாள். நான் இரண்டாவது வாக்கியத்தையும் எழுதினேன். யாரும் தடுக்கவில்லை. உன் பெயரையும் கீழே எழுதினேன், உன் பெயரை, அப்பாவின் பட்டத்தை அல்ல. நாளைக்கே கிழித்தாலும் கிழிப்பார்கள்.

எர்வின் மாமா என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். அவர் கண்கள் சிவந்திருந்தன. என்னிடம் கேட்டு என்ன பயன் மாமா என்றேன். இலையுதிர்காலத்திலேயே இதைச் சொல்லியிருந்தால் அம்மா தன் காதால் கேட்டிருப்பாளே. அவருக்கு நான் ஆறுதல் சொல்லவில்லை. நீ சொல்லியிருப்பாய்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது குர்ட் பின்னாலேயே வந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பேருந்து வருகிற பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அந்த ஓட்டை விஷயம்” என்றார். “ஓட்டை விழாவிட்டால் என்ன செய்ய வேண்டும்? நீ எழுதியதைப் படித்தேன். ஆனால் உன் அம்மா இன்னும் விளக்கமாகச் சொல்வாளாம், கிசெலா சொன்னாள்.”

இப்போதுதான் கேட்கத் தோன்றியதா என்று கேட்டேன்.

“அன்றைக்கு அந்தத் தோட்டாவை என் மனைவிக்காகத்தான் செய்தேன்” என்றார். “முதல் தோட்டாவை அவளே சுடட்டும் என்றுதான் இருந்தேன். இன்று காலை அவள் அந்தத் தாளைப் பார்த்து அளவைக் குறித்துக்கொண்டு போயிருக்கிறாள்.”

பேருந்து வந்தது. அம்மா, நான் ஏறிப் போயிருக்கலாம். உன்னைத் தலைத்துணியோடு குழுவின் முன் உட்கார வைத்தவர்களுக்கு நான் ஏன் எதையும் சொல்ல வேண்டும்? பேருந்து போய்விட்டது. உட்காருங்கள் என்றேன். அவர் பனி ஈரமான பெஞ்சில் உட்கார்ந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு சொல்லும் விடாமல், துப்பாக்கியின் பின்பக்க அடைப்பான போல்ட்டைக் கழற்றுவதிலிருந்து குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பதுவரை, எல்லாவற்றையும் சொன்னேன்.

கோபம் அப்படியேதான் இருக்கிறது. அதோடேயே சொல்ல முடிகிறது.