தளர்த்திக் கொடுத்த தந்தி

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

குவோப்பியோவில் பனி விழத் தொடங்கியிருக்குமே, உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம். தூக்கம்தான் போதவில்லை.

நேற்று லைப்சிக்கில் ஓர் இசைக்குழுவோடு சேர்ந்து, தனி வயலினாக, ஒரு புது இசைக்கோவையை முதன்முதலாக வாசித்தேன். வயலினின் தடித்த தந்தியைச் சற்றுத் தளர்த்திக்கொண்டு வாசிக்க வேண்டியது அது. ஒத்திகை முழுக்க, குழுவின் முதல் வயலின்காரர் டீட்மார் என்னைச் சீண்டிக்கொண்டே இருந்தார். "இதென்ன மேடம், இசையா? கதவுக்கு எண்ணெய் போடுங்க." நீங்களும் இதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

மேடையில் பாதி வாசிப்பில் என் மெல்லிய தந்தி அறுந்துவிட்டது. பயப்படாதீர்கள், விரலில் சின்னக் கீறல்தான். அப்படி நேர்ந்தால் முதல் வயலின்காரர் தன் வயலினைத் தந்துவிடுவது வழக்கம். டீட்மார் உடனே நீட்டவில்லை. குனிந்து, தன்னுடைய தடித்த தந்தியைச் சரியான அளவுக்குத் தளர்த்திவிட்டுத்தான் நீட்டினார்.

"திட்டினாலும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றார் பிறகு.

இத்தனை வருடமாகப் புது இசையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறேன். ஓட்டலில் இதைச் சொல்ல ஆளில்லை.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. என் கம்பளிக் கையுறையை அனுப்புங்கள். இந்த வாசிப்பு ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் வரும். திட்டிக்கொண்டேயாவது கடைசிவரை கேளுங்கள், அப்பா.

உங்கள் ஈவா