மாதாவுக்கு நேர்ந்த கப்பல்

மாதா துணை

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
14.11.1993

என்றும் அன்புள்ள வினோஜாவின் அப்பாவுக்கு,

நேரில் என்றால் "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டுவிடுவேன். கடிதத்தில் எழுத வெட்கமாக இருக்கிறது. நானும் பிள்ளையும் சுகம். பிள்ளையின் மார்சேய்ப் பிரெஞ்சைக் கேட்டு இங்கே பள்ளிக்கூடத்தில் சிரிக்கிறார்களாம்.

எனக்கும் மார்சேய் ஞாபகம்தான். பழைய துறைமுகத்தில் மீன்காரிகளோடு நான் விரலைக் காட்டிப் பேரம் பேச, நீங்கள் தெரியாத ஆள்போலத் தள்ளி நிற்பீர்கள். இரண்டாயிரத்து அறுநூறு வருடங்களுக்கு முன் ஒரு கிரேக்க மாலுமி அங்கே வந்திறங்க, அரசன் மகள் கிண்ணத்தில் தண்ணீர் கொடுத்து அவனையே மாப்பிள்ளையாக்கினாள் என்று கதை சொன்னீர்கள். "உன்ர அப்பர் எனக்கு ஒரு சோடாகூடத் தரேல்லை" என்று குறையும் சொன்னீர்கள். துறைமுக வாசலில் கோட்டை கட்டிய ராசா பீரங்கிகளை ஊரைப் பார்த்தே வைத்தானாம் என்றபோது மட்டும் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து வந்த ஷெல்லில்தானே குருநகரில் நம் வீடு போனது.

இங்கேயும் ஆற்றங்கரையில் மாலுமிகளின் மாதா கோயில் ஒன்று இருக்கிறது. மார்சேயில் நாம் போகும் மலைமேல் மாதா கோயிலில் போலவே கூரையிலிருந்து சின்னச் சின்னக் கப்பல்கள் தொங்குகின்றன. கண்டதும் அழுதுவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கொண்டெய்னர் பெட்டிக்குள் ஒளிந்து கப்பலில் வர ஏஜென்சிக்காரனோடு பேசிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். "நீ நேர்ந்ததும் கப்பல்தானே" என்று பகிடி வேறு. நீங்கள் எங்களிடம் வந்து சேர்ந்தால் மரக்கப்பல் ஒன்று தொங்கவிடுவதாக அந்த மலையில் நேர்ந்தது நான்தான். அதற்காக உங்களைக் கப்பலில் வரச் சொல்லி மாதா கேட்கவில்லை. மேல்மாடிக் கணேசலிங்கம் அண்ணைக்குத் துறைமுகத்தில் வேலை. மாசியில் அப்படி ஒரு பெட்டியைத் திறந்தார்களாம், உள்ளே ஒருவருக்கும் உயிர் இல்லையாம். "தங்கச்சி, அவரை மறியுங்கோ" என்றார்.

எங்கள் இருவரை மட்டும் முதலில் அனுப்பிவிட்டு மார்சேயில் தனியே இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஸ்பொன்சர் அலுவல் பிந்தினாலும் கைகூடும். அதுவரை பொறுங்கள். கோயிலில் தொங்குவதெல்லாம் கரைசேர்ந்தவர்கள் கொடுத்த கப்பல்கள். சேராதவர்களுக்காக அங்கே ஒன்றும் தொங்கவில்லை.

விமானத்தில் வாருங்கள். மரத்தில் ஒரு விமானம் செய்து தொங்கவிடுவோம், மாதா கோபிக்க மாட்டார். விமான நிலையத்தில் சோடாவோடு நிற்பேன். அப்பர் வைத்த குறையும் தீரட்டும்.

அந்த நாள் வரும்வரை மாதா உங்களை அந்தக் கரையிலேயே பிடித்து வைத்திருக்கட்டும்.

உங்கள்
அக்னெஸ்